உன் வயரில் பிழை இல்லை

என் ஆரணி அக்கா,

அன்றைக்கு நம் ஒழுங்கையில், உன் ஜீப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "இதைப் பூட்டினது என்ர அக்கா. இதில வயர் பிழையில்லை." இவ்வளவுதான். வாய்க்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வெள்ளவத்தையில் மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. உன் ஜீப் மட்டும் இல்லை. அப்பாதான் விற்கச் சொன்னார். "கேற்றைத் திறந்தால் அதுதான் முன்னுக்கு நிக்குது. என்னால ஏலாது பிள்ளை" என்றார். காய்ச்சலோடு உன்னைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தானே. அவரோடு எப்படி வாதாடுவது?

வாங்க வந்தவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. வெளிநாட்டுக்காரரைக் காட்டுப் பாதைகளுக்குக் கூட்டிப்போகிற தொழில். கூடவே தெமட்டகொடையில் கராஜ் வைத்திருக்கும் சிங்கள மெக்கானிக் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். பொனட்டைத் திறந்ததும் நானாவின் கண் உன் கொம்பிரசரில் போய் நின்றது. மணலில் இறங்கும்போது டயர்க் காற்றைக் குறைத்துவிட்டு, திரும்பத் தார் ரோட்டில் ஏறும்போது அடித்துக்கொள்வதற்காக நீயே பொருத்திப் பூட்டியது. தகடு வெட்டி, அடியில் இறப்பர் வைத்து, வயரைக் குழாய்க்குள் விட்டு, சூடான இடம் எதிலும் படாமல் பேட்டரி வரைக்கும் கொண்டுபோயிருந்தாய்.

"என்ன துப்புரவான வேல! யாரு பூட்டின?" என்று நானா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார் என்று எழுதினால் அது பொய். நான் திறக்கவே இல்லை. அப்பா சொன்னார்: "எங்கட பெடியன் ஒருத்தன்."

எந்தப் பெடியன், அக்கா? நீயும் நானும் மட்டும்தானே இருந்தோம்.

நானா சுவிச்சைப் போட்டார். கொம்பிரசர் ஓடியது. காற்றுத் தாங்கி நிரம்பியதும் தானாக நின்றது. அவர் ஒரு டயருக்குக் காற்று அடித்துப் பார்த்தார். தாங்கியில் அழுத்தம் குறைந்து, அது மறுபடி ஓடத் தொடங்க வேண்டிய இடத்தில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஃபியூஸ் போய்விட்டது. வேறொன்று போட்டார்கள், அதுவும் போனது. மெக்கானிக் உன் வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, வயரிங் பிழை, இப்படியே விட்டால் நெருப்புப் பிடிக்கும், எல்லாவற்றையும் உருவி எறிய வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்.

நானா யோசிக்கத் தொடங்கினார். அவர் வேண்டாமென்று போய்விடுவாரோ என்று அப்பாவுக்குப் பயம் வந்ததை நான் கண்டேன். அப்பா சிரித்தார்.

"அது, உண்மையில என்ர மூத்த மகள் பூட்டினது. பொம்பிளைப் பிள்ளைதானே, ஏதோ விளையாட்டுக்குச் செய்தவள். நீங்கள் கழட்டிப் போடுங்கோ."

வேலை நல்லது என்றபோது பெடியன். ஃபியூஸ் போனபோது மகள்.

அந்த உறுமல் என்னவென்று எனக்குத் தெரியும். உன் கடைசிப் பயணத்தில், கல்பிட்டி மணலில் அதே உறுமலை நாம் கேட்டிருக்கிறோம். நான் பின் சீற்றில் புத்தகத்தோடு இருந்தேன். நீ தாங்கியின் அடியிலுள்ள சின்னத் திருகியைத் திறந்து காற்றையெல்லாம் வெளியே விட்டாய், புது ஃபியூஸ் போட்டாய், கொம்பிரசர் ஓடியது. "விளங்குதோ? தாங்கி வெறுமையா இருந்தால் ஓடும். காத்து இருந்தால் ஓடாது. ஒருவழி வால்வு பழுது. அதால தாங்கிக் காத்து திரும்பி பம்புக்குள்ள வருது, மோட்டரால அதைத் தள்ளேலாமல் கிடக்கு. ஃபியூஸ் போறது வயரைக் காப்பாத்த. வீட்ட போனதும் வால்வை மாத்தவேணும்." நான் "ம்" என்றேன். "புத்தகத்தை மூடிப்போட்டு 'ம்' சொல்லடி" என்றாய்.

அந்தத் திருகி அன்றைக்கு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. திறந்துவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கத் தேவையில்லை.

ஏன் செய்யவில்லை? மூன்று ஆண்கள் பொனட்டைச் சுற்றி நின்றார்கள். நடுவில் புகுந்து ஒருவழி வால்வு என்று சொன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். அது உனக்குப் பழகிப்போன பார்வை. நீ ஜீப்புக்குக் கீழே படுத்திருக்க, உன் கால்கள் மட்டும் ஒழுங்கையில் நீட்டிக்கொண்டிருக்க, நான் என் சிநேகிதிகளை மற்றப் பக்கத்தால் கூட்டிப்போயிருக்கிறேன். மேல்வீட்டு அன்ரி "உங்கட மூத்தவவுக்கு மாப்பிள்ளை பாக்கிறதோ, பொம்பிளை பாக்கிறதோ?" என்று கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். நீ அந்த நேரமும் ஜீப்புக்குக் கீழேதான் இருந்தாய். உனக்குக் கேட்டதா?

கதைகளில் யாராவது பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றால், பக்க ஓரத்தில் பென்சிலால் கோபமாக எழுதுகிறவள் நான். இப்போது அந்தப் புத்தகங்களைத் திறக்கக் கூசுகிறது.

கொம்பிரசரைத் தாங்கியோடு கழற்றி, அரிசிச் சாக்கில் போட்டு என்னிடம் தந்தார்கள். வயரைக் கராஜில் உருவுவதாக மெக்கானிக் சொன்னார். ஜீப் ஒழுங்கை முனையில் திரும்பியது. அப்பா கேற்றைப் பூட்டினார்.

அன்று இடியப்பம் சாப்பிடும்போது கேட்டேன். "பெடியன் எண்டு ஏன் சொன்னீங்கள் அப்பா?"

"வாயில வந்திட்டுது பிள்ளை. அப்பிடிச் சொன்னால்தானே நம்புவினம்."

"அது வயர் பிழையில்லை. வால்வு."

அவர் கை நின்றது. "தெரிஞ்சுகொண்டே நீயும் பக்கத்திலதானே நிண்டனீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் அந்த வால்வை வாங்கினேன். கடைக்காரர் "மல்லிக்கா, தம்பிக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன், அக்கா. இல்லாத தம்பிக்கு வால்வு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இத்தனைக்குப் பிறகும் என் தலை தானாகவே ஆடியது. இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமென்றுகூட நினைத்தேன்.

சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் அண்ணையிடம் பேட்டரி கேட்டேன். "என்ன மிஸ், டயர்க்கடை துறக்கப் போறீங்களோ?" என்று சிரித்தபடியே கழற்றித் தந்தார். முற்றத்தில் சாக்கை விரித்து, பழைய வால்வைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். பூட்டிய இடத்தில் சவர்க்கார நுரை தடவிக் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தேன். நீ செய்வதைப் பார்க்காததுபோல இருந்துகொண்டு எவ்வளவு பார்த்திருக்கிறேன்! கொம்பிரசர் ஓடியது, நிரம்பியது, நின்றது. காற்றைக் குறைத்தேன். உறுமாமல் திரும்ப ஓடியது. அப்பா கதவடியில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

அதற்குப் பிறகுதான் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முகத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, முகம் தெரியாமல் சொன்னேன். "நானா, அந்தக் கொம்பிரசரைப் பூட்டினது என்ர அக்கா. பெயர் ஆரணி. இப்ப இல்லை. அவவின்ர வயரில பிழையில்லை."

"தெரியும் தங்கச்சி" என்றார். எப்படித் தெரியும் என்று அவர் சொன்னதைக் கீழே எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. உன்னைப் பற்றி யாராவது என் முன்னால் பிழையாகச் சொன்னால், அது அப்பாவாக இருந்தாலும், அந்த இடத்திலேயே சொல்லுவேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

நானா சொன்னது இது. கராஜில் மெக்கானிக் வயரை உருவுவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார். பிறகு அதை உருவவில்லை. புதுக் கொம்பிரசர் ஒன்றை வாங்கி, உன் வயரிலேயே கொழுவியிருக்கிறார். ஜீப் போன கிழமை வில்பத்துக் காட்டுப் பக்கம் போய் வந்ததாம். ஃபியூஸ் போகவில்லை.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி