கேள்விக்கு முன்னால் ஓடும் பதில்

இன்று நோர்வூட் கடைவீதிக்குக் கருவாடு வாங்கப் போனேன். கடை முதலாளி டப்பாவைத் திறந்துகொண்டே ஏதோ கேட்டார். "ஆமாங்க" என்றேன். பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு பாலம் வரை நடந்த பிறகுதான் மூக்கில் ஏறியது. பெருங்காயம்!

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். வண்டிக்காரர் ஒருவர் மாட்டைப் பிடித்து நிறுத்தி, பைத்தியமோ என்று பார்த்தார். நீ இருந்திருந்தால், "மாப்ள, இன்னுமா தீரல ஒனக்கு?" என்று தொடையில் தட்டியிருப்பாய். திரும்பிப் போய், "இல்லைங்க மொதலாளி, நான் கேட்டது கருவாடு" என்று மாற்றிக்கொண்டேன். அந்த உற்சாகத்தோடு உனக்கு இதை எழுதுகிறேன்.

அந்த நோயை முதலில் கண்டுபிடித்தவன் நீ. கவ்வாத்து மலையில் நாம் இருவரும் அடுத்தடுத்த வரிசையில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு காலை, வெட்டாத செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கங்காணியின் குரலில் தொண்டையைச் செருமிக் கேட்டாய்:

"டேய், மாடு பறக்குதாடா?"

"ஆமாங்க கங்காணி!" என்றேன் நான், கத்தியை இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து.

மலை முழுவதும் சிரித்தது. அன்றெல்லாம் என்னைப் பார்த்தவர்கள் வானத்தைக் காட்டினார்கள். எனக்குக் கோபம். மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நீ சொன்னாய்: "நீ மட்டும் இல்ல மாப்ள. இந்த மலையில அத்தன பேரும் அப்படித்தான். ஒரு வாரமாப் பாக்குறேன். கேள்வி முடியிறதுக்குள்ள வாய் ஓடிப் போய் நிக்குது. மனசு பின்னால நொண்டிக்கிட்டு வருது."

"ரத்தத்திலேயே வந்ததுடா அது" என்றேன்.

"ரத்தமாவது மண்ணாவது! அடி வாங்குனது நம்ம தாத்தன். அந்த வலி நம்ம நாக்குல குந்தியிருக்கு. பழகுனதுதானே? மாத்திப் பழகுனாப் போச்சு."

பட்டணத்துப் பெரிய மனிதர்கள் நம்மை இயல்பிலேயே பணிவான சனம் என்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து அன்று உன் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். பணிவாம்! பிரம்பால் எழுதிவிட்டு, பிறவிக் குணம் என்று படிக்கிறார்கள்.

நீ சொன்ன மருந்து சின்னது. யார் கேட்டாலும் ஒரு தடவை எச்சிலை விழுங்கு. பிறகு வாயைத் திற. சாயங்காலங்களில் நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால், நீ சோற்றுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துத் தோட்டத்துத் தொரையாக நிற்பாய். நான் எச்சில் விழுங்கிப் பழகுவேன். உன் வீட்டுக்காரி எட்டு மாத வயிற்றோடு வாசலில் வந்து நின்று, "அண்ணே, அந்தத் தொரைகிட்ட என் சட்டிய வாங்கிக் குடுங்க. ஒலை வைக்கணும்" என்பாள்.

பிறகு அந்தப் பெரட்டு வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். நான்கு வரிசைச் செடிகளை அளவுக்கு மேல் தாழ வெட்டியதால் பட்டுப்போய்விட்டனவென்று தொரைக்குக் கோபம். தாழ வெட்டச் சொன்னது, கங்காணிகளுக்கும் மேலே இருக்கும் கண்டாக்கையா. ஆனால் அவர் உன்னைக் காட்டினார். தொரை குதிரையை என் பக்கம் திருப்பி, தன் அரைத் தமிழில், "இந்த ஆள் சொந்தமா வெட்டினது. நீ பாத்தது?" என்றார்.

"ஆமாங்க தொரை."

என் காதில் கேள்வி விழுந்தது அதற்குப் பிறகுதான். உனக்குப் பற்றுச்சீட்டு; வேலை போயிற்று. சனிக்கிழமைக்குள் லயக்காம்பராவைக் காலி பண்ண வேண்டும். பிள்ளை எந்த ரோட்டோரத்தில் பிறக்குமோ என்று உன் வீட்டுக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீ என்னை மன்னிக்கவில்லை. அதை இங்கே மறைக்க மாட்டேன். அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து, "ஒன் வாய்தானே சொல்லுச்சு? ஒன் வாய்தான் போய் மாத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

மறுநாள் பெரட்டில் வரிசையை விட்டு வெளியே வந்தேன். எச்சிலை விழுங்கலாம் என்றால் வாயில் எச்சிலே இல்லை! வறண்ட தொண்டையோடு ஒரு தரம் வெறுமனே விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"இல்லைங்க தொரை. நேத்து நான் சொன்னது தப்பு. கண்டாக்கையா சொல்லித்தான் தாழ வெட்டினோம்."

தொரை குதிரை மேலிருந்தபடியே சட்டெனத் திரும்பினார். "கண்டாக்கு! நீ சொன்..."

"யெஸ் சேர்!"

ஐயோ, அந்த நிமிஷம்! கேள்வி முடியவில்லை, கண்டாக்கையாவின் இரண்டு குதிகாலும் சேர்ந்துவிட்டன, தொப்பி கைக்கு வந்துவிட்டது, பதிலும் விழுந்துவிட்டது. பிறகு அவர் முகம் வெளுத்ததை வரிசையில் எல்லோரும் பார்த்தோம். கால்சட்டை போட்டவருக்கும் அதே நோய். இங்கிலீஷில் வருகிறது, அவ்வளவுதான்.

உன் பற்றுச்சீட்டைக் கிழித்துப் போட்டார்கள்; உன் வேலை தப்பியது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தண்டனையாகப் பள்ளத்தில் புல்வெட்டு. அட்டை கடிக்கக் கடிக்கப் பாடிக்கொண்டே வெட்டினேன். நீ சிரிக்கவில்லை. "நாம பொழச்சது அவரு வியாதியால மாப்ள. நம்ம வியாதி தீந்து போச்சுன்னு நெனச்சிராத" என்றாய். எவ்வளவு சரி!

போன மழையில் காய்ச்சல் உன்னை நான்கே நாளில் கொண்டுபோனது. எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுக்கும் மருந்துக்காரரிடம், "இது காய்ச்சல் மருந்துதானா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குப்பியை வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்று வந்தேன். அந்த 'சரிங்க'வை மாற்றிச் சொல்ல எனக்கு மறுநாள் கிடைக்கவில்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். எல்லாவற்றையும் கேட்கிறேன். பெரட்டில் என்னோடு இப்போது ஆறேழு பேர் எச்சில் விழுங்குகிறார்கள். கங்காணி, "என்னடா எல்லாருக்கும் தொண்டை வலியா?" என்கிறார்.

அந்த லயக்காம்பராவிலேயே பிறந்த உன் மகளுக்கு இரண்டரை வயது. நேற்று வாசலில் நின்று, "மாமாகிட்ட வாறியா?" என்று கையை நீட்டினேன். விரலைச் சப்பிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றாக யோசித்தாள். பிறகு, "மாட்டேன்" என்றாள்.

அவள் அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.