யார் உடம்பைப் பற்றியும் பேசாதவள்

மார்ச் 4, திங்கள்

கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கடை செல்போன்காரர், "பாத்தும்மா, ஷட்டரோட நீயும் மேல போயிடப் போற" என்றார். அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். கடை போட்ட நாளிலிருந்து இதே ஜோக். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அந்த மனுஷனுக்குச் சோம்பல்.

மதியம் ஒரு பெண்மணி பேன்ட் இடுப்பைப் பிரித்து விடச் சொல்லி வந்தார். நான் டேப்பை அவர் இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார், காய்கறி பொறுக்குவது போல. "என்னம்மா இது, வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?"

அவர் இடுப்பளவு என் கையில்தான் இருந்தது. நான் ஏதாவது சொன்னேனா? சாக்கட்டியால் கோடு போட்டேன், வியாழக்கிழமை வாங்க என்றேன். ஆல்டரேஷன் கடைக்காரி வாயைத் திறந்தால் இந்தத் தெருவில் பாதிப் பேர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யார் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: யார் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்குச் செய்ததை நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

பெரியம்மா சாப்பிட வந்திருந்தார். மாடியிலிருந்து அக்காவும் அத்தானும் இறங்கி வந்தார்கள். கீழே அம்மாவும் நானும். ஞாயிறு மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே மேசை, அதாவது பெரியம்மாவுக்கு ஒரே கச்சேரி.

"பெரியவ தட்டுல பாத்துப் போடு. சின்னவ தட்டுல பாக்காமப் போடு." இது அம்மாவுக்கு உத்தரவு. அப்புறம் அந்தப் பழைய வசனம்: "ரெண்டையும் ஒண்ணாப் பிசைஞ்சு ரெண்டாப் பிரிச்சா, ரெண்டு நல்ல பொண்ணு கிடைச்சிருக்கும்!" அத்தான் சிரித்தார். அம்மாவும். அக்கா சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். அவள் கழுத்து சிவந்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எங்கே போகிறது என்று கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்? டாக்டரிடம் அம்மா இரண்டு முறை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள், ஒரு குறையும் இல்லை, உடல்வாகு என்றுதான் சொன்னார்கள். இருந்தவரை அப்பாவும் இதே உடல்வாகுதான். அவரை "ஒடிசலான மனுஷன்" என்பதோடு விட்டுவிட்டார்கள். ஆம்பளை இல்லையா.

ஏப்ரல் 2

அக்காவின் ஆபீஸ் பேன்ட் இரண்டையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இளைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 16

மறுபடியும் அதே பேன்ட். தைத்து முடித்ததும் கடையிலேயே போட்டுக் கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணாடியில் கழுத்துக்குக் கீழே பார்த்து நான் பார்த்ததே கிடையாது. "முன்னாடி உக்கார்றவ இவ்ளோ அழகா இருந்தா கஸ்டமர் அங்கயே நின்னுடுவான், எப்படி உள்ள வருவான்னு மேனேஜர் கேக்கறாருடி" என்றாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வரவேற்பு மேசையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள், இப்போதுதான் அந்த மேனேஜருக்குக் கண் தெரிந்திருக்கிறது.

சாயங்கால நடையும் ராத்திரி சோற்றை விட்டதும்தான் காரணமாம். சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே. அவளிடம் காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பெரியம்மா அக்காவின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். "இப்பதான்டி பொண்ணு மாதிரி இருக்க!" முப்பத்தாறு வயது வரை அவள் வேறு என்னவாக இருந்தாளோ.

ஒன்று மனதை அரிக்கிறது. மேசையில் இருந்த ஜாடித் தண்ணீர் முழுவதையும் அவளே குடித்தாள். சாப்பாட்டின் நடுவே இரண்டு முறை பாத்ரூமுக்கு எழுந்து போனாள். சாப்பாடு – என்னைவிட அதிகம் சாப்பிட்டாள். ராத்திரி சோற்றை விட்ட பசியாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். அவ்வளவு தின்றும் உடம்பு இறங்குகிறது. எவ்வளவு தின்றாலும் ஏறாதவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான், பிறந்ததிலிருந்து. திடீரென்று ஒருத்தி அப்படி ஆவாளா?

சொல்லலாமா? யார் உடம்பைப் பற்றியும் பேசுவதில்லை என்று எழுதி வைத்தவள் நான்தானே. அதுவும் அவள் முகத்தில் இப்போதுதான் ஒரு வெளிச்சம்.

சொல்லவில்லை.

மே 9, வியாழன்

சொல்லிவிட்டேன். சொன்னதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் முறையாக அளவெடுக்கிறேன். கை என் கை மாதிரி இருக்கிறது. என் கை பிறவியிலேயே அப்படி. அவளுடையதில் தோல் தனியாகத் தொங்குகிறது. படியேறி வந்த மூச்சு அடங்காமல் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கடை போர்டில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றாள், அதையும் சிரித்துக்கொண்டே. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, "அக்கா, இது நல்லதுக்கு இளைக்கிற இளைப்பு இல்ல. டாக்டரைப் பாரு" என்றேன்.

அவள் முகம் மாறிய விதம்!

"இத்தனை வருஷம் நீ ஒல்லி, நான் குண்டு. இப்ப நான் உன் பக்கம் வந்ததும் உனக்குத் தாங்கல, இல்ல?"

எனக்கா? எனக்கா தாங்கல? ஒல்லியா இருக்கறதுல எனக்கு என்ன மகுடமா வச்சாங்க, நீ வந்து பிடுங்கிக்க?! இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. அம்மா: "நல்லா இருக்கறவளைப் பாத்து ஏண்டி அச்சானியமா பேசற?" பெரியம்மா போனில், எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்க: "வயித்தெரிச்சல், வேற என்ன. அந்த வயித்தெரிச்சல்லதான் அவ உடம்புல ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது." அத்தான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொல்லமாட்டார், அதற்குப் பெயர் நல்ல மனுஷன்.

மே 10

அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை. பேன்ட்டை வேறு கடையில் தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

மே 23, வியாழன்

ஆபீஸில் மயங்கி விழுந்துவிட்டாள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள், மூச்சு வேகவேகமாக வாங்கியது, வாயில் அழுகிய பழ வாசனை. நர்ஸ் வந்தாள், நேராக என்னிடம். "பேஷன்ட் நீங்கதானே, ஏன் நிக்கறீங்க, படுங்க." சத்தியமாக நடந்தது இது. என் அக்கா செத்துக்கொண்டிருக்கும் இடத்திலும் என் எலும்புதான் முதலில் கண்ணில் படுகிறது.

சர்க்கரை. உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லையாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். "இவ்வளவு வேகமா இளைச்சிருக்காங்க. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

கவனித்தோம் டாக்டர். கை தட்டினோம்.

அம்மா தரையைப் பார்த்தாள். நான் சொன்னேனே, ஏப்ரலிலேயே தெரிந்ததே என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் ஏப்ரலில் தெரிந்ததை மே மாதம் வரை வாயில் வைத்திருந்தவள் யார்? எல்லோரும் பேசிப் பேசிக் கெடுத்தார்கள், நான் பேசாமல் கெடுத்தேன்.

ஜூன் 1, சனி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆயுசு முழுக்க ஊசி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும். தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பெரியம்மா பார்க்க வந்து கொஞ்சம் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் பாரு, உடம்பு கொடி மாதிரி ஆயிடுச்சு. கெட்டதுலயும் ஒரு நல்லது" என்றார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 27

ஊசி வேலை செய்கிறது. கன்னம் நிறைகிறது. ஆபீஸில், "என்ன, மறுபடியும் ஏறுது போல?" என்றார்களாம். அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் காதில் விழுந்தது.

ஜூலை 14, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

பால் எடுக்க அக்காவின் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் ஊசி மருந்துக் குப்பி. போன ஞாயிறு எந்த மட்டத்தில் இருந்ததோ அதற்கு ஒரு நூல்தான் கீழே. ஒரு வாரம் மூன்று வேளையும் போட்டிருந்தால் பாதியாவது இறங்கியிருக்க வேண்டாமா? குப்பியோடு போய் அவள் முன் நின்றேன். வாரக்கணக்கில் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை, பேசியது இதுதான்.

"போட்டா ஏறுது. விட்டா இறங்குது. நான் என்னடி பண்ணட்டும்?"

"செத்துப் போயிடுவக்கா."

"ஒல்லியாச் சாவேன்ல."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி என் கையை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். பாரு, நல்லாப் பாரு, இதுக்கா சாகப் போற? இது எனக்கு என்ன வாங்கிக் குடுத்துது? கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டவனோட அம்மா, இந்த இடுப்பு பிள்ளை தாங்குமான்னு என் முன்னாடியே கேட்டாளே, அவனும் அப்புறம் போனை எடுக்கலையே, மறந்துட்டியா? நீ குண்டா இருந்தப்பவும் அவங்க விடல. இளைச்சப்பவும் விடல, பாராட்டிப் பாராட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சாங்க. எந்த அளவுக்கு வந்தாலும் பேசத்தான் போறாங்க. இவங்க வாய்க்குப் போடறதுக்கா நீ உயிரை விடப் போற?

எல்லாம் சொன்னேன். இவ்வளவு நான் வாழ்க்கையில் பேசியதில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

அத்தானிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். போகும்போது அக்கா என்னைப் பார்த்து, "காட்டிக் குடுத்துட்டல்ல" என்றாள். அவ்வளவுதான். பேச்சு நின்றது.

இந்த முறை வாயை மூடிக்கொண்டு நல்லவளாக இருக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

ஜூலை 30

மாடிப்படியில் எதிரே வந்தாள். சுவரோரம் ஒதுங்கிப் போனாள். நானே பாதிப் படிக்குத்தான் இருக்கிறேன், எனக்கு எதற்கு ஒதுங்க வேண்டும்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெரியம்மா வந்தார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது என்று அம்மா போனிலேயே கெஞ்சியிருந்தாள். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள், ஒரு மாதமாக ஊசி ஏறி முகம் நன்றாக உருண்டு, பழைய அக்கா. பெரியம்மா மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா உத்தரவு. ஆனா கண்ணுன்னு ஒண்ணு இருக்கே. மறுபடியும் பழைய ஆளாயிட்டியே!"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அத்தான் தண்ணீர் குடித்தார். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மாடிக்குப் போகிறாள், அவ்வளவுதான், மறுபடியும் ஊசி போச்சு என்று நினைத்தேன். அவள் ஹாலில் கிடந்த கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். குப்பியை எடுத்து, மருந்தை ஏற்றி, எல்லோருக்கும் நடுவே சட்டை நுனியை விலக்கி வயிற்றில் போட்டுக்கொண்டாள். மடிப்பு விழுந்த வயிறு. மறைக்கவில்லை.

"இதப் போட்டாதான் உயிரோட இருப்பேன், பெரியம்மா. போட்டா ஏறும். ஏறட்டும்."

பெரியம்மா கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"இந்த மருந்து இவ்வளவு சதை போடுமா? அப்ப இவளுக்கும் ரெண்டு ஊசி போட்டு விடேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரித்து ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சோத்தை இந்தப் பக்கம் தள்ளுடி" என்றாள் என்னிடம்.

தள்ளினேன்.