இரண்டாவது வெட்டு

தட்டாஞ்சாவடி, பாண்டிச்சேரி
12.8.1986

அப்பாவுக்கு மகள் அஞ்சலாட்சியின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் உங்களை வேலைக்கு நிறுத்தியிருக்கும் புது வெட்டு மிஷினுக்கு கன்ட்ரோல் போர்டு எங்கள் பட்டறையில் செய்ததுதான். பெருமையாக இருந்தது. நேற்று அதே மாதிரி போர்டு ஒன்றை நீள வயரில் மாட்டிச் சோதித்தோம். போன சிக்னல் வயரின் முனையில் மோதி, எதிரொலி போலத் திரும்பி வந்தது. பட்டனை ஒருமுறை அழுத்தினால், இரண்டு முறை அழுத்தியதாக மிஷின் எடுத்துக்கொள்ளும். சிக்னல் கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்ததும் அடங்கிவிட்டது. உங்களுக்கு அனுப்பியதில் அது இல்லை.

"எப்பவோ ஒரு தடவதான் அப்படி ஆவும். யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்கிறார் சூப்பர்வைசர் பக்கிரி.

பயப்பட ஒன்றுமில்லை அப்பா. பிளேடு மேலே ஏறிவிட்டாலும், மெயின் சுவிட்சை அணைக்காமல் மட்டும் அட்டையை எடுக்கக் கையை உள்ளே விடாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் வடகம் கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. தம்பியை எழுதச் சொல்லாமல், உங்கள் கையாலேயே உடனே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அஞ்சலாட்சி