'அழுத்தம்' என்ற சொல்லுக்கு முன் விடுபடும் இரண்டு எழுத்துகள்

அனுப்புநர்:
வெளிநோயாளி அட்டை எண் 2176,
பதினான்கு மாதக் குழந்தையின் தாய்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: நுழைவுச் சீட்டில் 'மன அழுத்தம்' என்பதை 'அழுத்தம்' என்று மட்டும் எழுதுவதால், ஆலோசனைக்கு வருவோர் இரத்த அழுத்தப் பிரிவுக்கு அனுப்பப்படுவது – வரும் செவ்வாய்க்குள் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. குழந்தை பிறந்தது முதல் எனக்குத் தாடை வலி, தூக்கமின்மை, காரணமில்லாத படபடப்பு. பதிவு மேசையில் 'மன அழுத்தம்' என்று தெளிவாகவே சொன்னேன். சீட்டில் நோய்க்கான கட்டம் இரண்டு விரல் அகலம்தான். எழுத்தர் 'அழுத்தம்' என்று மட்டும் எழுதினார். இரத்த அழுத்த வரிசையில் நிறுத்தப்பட்டேன். இரு முறை இப்படி நடந்தது. அளந்து பார்த்த ஊழியர், "உங்க பிரஷர் என் பிரஷரை விட நல்லா இருக்கும்மா, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். சந்தோஷமாகப் போக முடிந்திருந்தால் நான் ஏன் வரப்போகிறேன்?

2. மூன்றாம் முறை அங்கிருந்த செவிலியர், நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பதைக் கவனித்து விசாரித்தார். சீட்டை வாங்கி, 'அழுத்தம்' என்பதற்கு முன்னால் 'மன' என்று தம் கையால் எழுதி, ஏழாம் எண் மனநல ஆலோசனை அறைக்கு அனுப்பினார். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் அவரே அப்படித் திருத்தி அனுப்பினார்.

3. அந்த அறையில் நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும். ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எப்பப் படபடப்பு வருதோ, அப்ப உடம்புல எந்த இடம் என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க. சரி பண்ண வேண்டாம், வேடிக்கை பாருங்க" என்றார். என் கணவர், "ஏற்கெனவே டென்ஷன், இப்ப அதுக்கு வீட்டுப்பாடம் வேறயா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் ஒரு நோட்டில் குறித்தேன். கைப்பேசி அடித்தால் தோள் காதுவரை ஏறுகிறது. குழந்தை இருமினால் பல் கடிபடுகிறது. இரண்டாம் வாரம்தான் கண்டுபிடித்தேன்: தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கும்போதெல்லாம், நான் என் மூச்சை நிறுத்தியிருக்கிறேன். ஒரு நாளில் பதினேழு முறை. பட்டம் வாங்கியவள் நான். ஆயினும் என் உடம்பு எனக்கே தெரியாத பாடமாக இருந்திருக்கிறது. பயம் போய்விடவில்லை. ஆனால் அது வரும் வழி தெரிந்த பிறகு, அடுத்து எங்கே தலைகாட்டும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

4. அந்தச் செவிலியர் சென்ற வாரம் மாற்றலாகிப் போய்விட்டார். கடந்த செவ்வாயன்று மீண்டும் 'அழுத்தம்', மீண்டும் அதே வரிசை. எழுத்தரிடம் முறையிட்டபோது, "எந்த அழுத்தமா இருந்தா என்னம்மா, எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் தோளும் காதுவரை ஏறித்தான் இருந்தது. சீட்டில் 'மன' என்று இல்லாமல் ஏழாம் எண் அறை வாயிலில் விடமாட்டார்கள். என் நேரம் கடந்துவிட்டது.

5. இரு முறை வரத் தவறினால் பெயர் நீக்கப்படும், மறுபடி இடம் கிடைக்க நான்கு மாதம் ஆகும் என்பது விதி. வராமலே தவறினால் சரி. காலை எட்டு மணிக்கே வந்து, தவறான வரிசையில் நின்றவளும் தவறியவள்தானா?

6. அன்று எனக்கு முன்னால் நின்ற பேருந்து ஓட்டுநர், ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறது என்றார். அவர் சீட்டிலும் 'அழுத்தம்'தான். பிரஷர் நார்மல் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

ஆகவே, கடந்த செவ்வாயை என் கணக்கில் தவறியதாகக் கொள்ளாமல் இருக்கவும், சீட்டில் 'ம', 'ன' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுத உத்தரவிடவும் வேண்டுகிறேன். கட்டத்தை அளந்துவிட்டேன், இடம் போதும்.

இந்த மனுவின் நான்காம் பத்தி வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். கவனித்ததும் விட்டுவிட்டேன். அதை எனக்குக் கற்றுத்தந்த அறைக்குச் செவ்வாய் பதினொரு மணிக்கு நான் போய்ச் சேர வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
அட்டை எண் 2176

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: வீட்டுச் சமையலறை மேசை