செல்லத்தாயின் சேலை: மைதீன் காக்காவுக்குச் சொல்ல வேண்டியது

என்றும் என் அன்புக்குரிய மைதீன் காக்கா,

நேற்று ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டில் செல்லத்தாயை விடுதலை செய்துவிட்டார்கள். நீதிபதி சொன்னது அவளுக்கு உடனே விளங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி வீட்டுக்குப் போலாமாக்கா?" என்று கேட்டாள். இந்தச் செய்தியை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் காயல்பட்டினத்து மண்ணுக்குள் போய் நாளாகிவிட்டது. நாம் அண்ணன் தங்கையாய் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்தி அதைவிட நாளாகிவிட்டது.

நிறுத்தியது நான்தான். ஏன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தீர்களா?

அன்றைக்கு வாழைத் தோட்டத்துக்குப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் ஆஸ்பத்திரி வேன் ஓட்டினீர்கள், பின்னால் நோயாளியைக் கவனிக்கும் நர்ஸாக நான். வரப்போரம் செல்லத்தாய் துவண்டு கிடந்தாள். வாயில் எச்சில் நுரைத்து வழிந்தது, உடம்பெல்லாம் வியர்வை. கண்ணை விரித்துப் பார்த்தால் கருவிழி நடுவே பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் தோட்டத்து மேஸ்திரி சுடலைமுத்து.

"வலிப்புதான்மா. அவளுக்கு அடிக்கடி வரும்" என்றார்.

வலிப்பில் பாவை அப்படிச் சுருங்காது. பூச்சிமருந்து நெடி வேறு மூக்கைத் துளைத்தது. நான் அவளிடம் ஒன்று கேட்டால் மேஸ்திரி ஒன்று பதில் சொன்னார். நோயாளிக்காக இன்னொருவர் முந்திக்கொண்டு பேசினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இவரே எதையாவது கொடுத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். உங்களுக்குக் கண் காட்டினேன். நீங்கள் புரிந்துகொண்டு, "அண்ணாச்சி, நீங்க முன்னால வந்து உக்காருங்க. எனக்கு வழி சொல்லணும்லா" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்த வழியில் எத்தனை தடவை வண்டி ஓட்டியிருக்கிறீர்கள்!

அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டேன். "என்னம்மா குடிச்ச? போலீசுக்குப் பயந்து மறைக்காத. எதுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் சரியான ஊசி போடுவாரு" என்றேன்.

"நான் எதையும் குடிக்கலக்கா" என்றாள் திக்கித் திக்கி. "மருந்தடிக்கிற ஆளு வரல. பம்ப என் முதுகுல மாட்டிவிட்டாக. அது காலையிலேருந்து ஒழுகிச்சு."

முதுகைத் திருப்பிப் பார்த்தேன். சேலையும் ஜாக்கெட்டும் தொப்பலாக நனைந்திருந்தன. வாயால் போகாத விஷம் தோலால் போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். நீங்கள் தண்ணீர் கேனையும் சோப்பையும் பின்கதவு வழியாகக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். கையுறை போட்டு, நனைந்த துணியைக் கழற்றி, அவளைக் கழுவி, போர்வையில் சுற்றினேன். சேலையையும் ஜாக்கெட்டையும் பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டினேன். அது டாக்டர் பார்க்க வேண்டியது, பிறகு போலீசும் பார்க்க வேண்டியது.

ஆஸ்பத்திரியில் நான் அவளோடு உள்ளே ஓடினேன். கவர் வண்டியில் இருந்தது. "காக்கா, அது பத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மூச்சு விட முடியாமல் கிடந்தவள் ஊசி ஏற ஏறத் தெளிந்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகு வெளியே வந்தேன்.

வண்டி திறந்து கிடந்தது. எதிரே டீக்கடையில் நீங்களும் மேஸ்திரியும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்விட்டார்.

"கவர் எங்க காக்கா?"

"காணல தங்கச்சி. ஸ்ட்ரெச்சரக் கழுவப் போனேன். வந்து பாத்தா இல்ல."

வேறு ஒரு வார்த்தையும் நீங்கள் சொல்லவில்லை. டீக்கடையில் என்ன பேச்சு என்று நானும் கேட்கவில்லை. மறுநாளே மேஸ்திரி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார், புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு செல்லத்தாய் மருந்தைக் குடித்துவிட்டாள் என்று. தற்கொலைக்கு முயன்றதாக அவள் மேலேயே வழக்கு. செத்துப் பிழைத்தவள் குற்றவாளி, ஒழுகுகிற பம்பை மாட்டிவிட்டவர்கள் சாட்சி! அவள் குடிக்கவில்லை என்று காட்ட அந்தச் சேலை ஒன்றுதான் இருந்தது. அதுவும் உங்கள் கண் முன்னால் மறைந்துபோனது.

நான் என்ன நினைப்பேன், சொல்லுங்கள். தோட்ட முதலாளி மேஸ்திரி மூலமாக உங்களை விலைக்கு வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகு நீங்கள் சிரித்தால் சந்தேகம், பேசாமல் இருந்தால் அதைவிடச் சந்தேகம். உங்கள் வீட்டிலிருந்து எனக்கென்று கொண்டு வந்த வட்டிலப்ப இனிப்பைக்கூட, வயிறு சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இருவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சம்மன் வந்தபோது, கூண்டில் ஏறி நீங்கள் என்ன சொல்வீர்களோ என்றுதான் பயந்தேன். விசாரணைக்கு முன்பே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் விசாரணை அன்று முதலில் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். சாட்சிகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கக் கூடாது என்பதால் நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் செல்லத்தாயின் வக்கீல் வேகமாக வந்தார். "அந்த ஆளு எல்லாத்தையும் மாத்திச் சொல்லிட்டாரும்மா. அவ குடிக்கல, பம்பு ஒழுகிச்சு, சேலையை எடுத்து ஆத்துல விட்டது நான்தான்னு சொல்லுதாரு!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் பட்டது. என் முறை வந்தது. "குடித்திருப்பாள் என்று நீங்களே சந்தேகப்பட்டீர்கள்தானே?" என்று அரசு வக்கீல் கேட்டார். "ஆமா, முதல்ல சந்தேகப்பட்டேன். அதுக்கப்புறம் பாத்ததத்தான் இங்க சொல்லுதேன்" என்று, நனைந்த முதுகையும், அவள் வாயால் சொன்னதையும் ஒன்றும் கூட்டாமல் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மேஸ்திரி கோர்ட் வாசலில் தனியாக நின்றிருந்தார். நேரே போய்க் கேட்டேன், "எங்க காக்கா அன்னைக்கு டீக்கடையில உம்மகிட்ட என்னவே பேசுனாரு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சேலையத் திருப்பிக் குடுன்னு கேட்டாரு. நான் எடுக்கலன்னு சாதிச்சேன். சத்தம் போடல அவரு. 'உன் வீட்டுக்காரியும் அந்தப் பம்பத் தூக்குதாளா?'ன்னு மட்டும் கேட்டாரு. அவளும் அங்கனதான் வேலை பாக்குதா. அவரு மவுத்தாகிப் போயிட்டாருன்னு கேட்டதுலேருந்து எனக்கு உறக்கம் இல்லம்மா. நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. போட்டும்."

காக்கா, இதை ஏன் என்னிடம் சொல்லாமல் விட்டீர்கள்? அவர் மேல் சந்தேகம் இருந்தும், கண்ணால் பார்க்காததைச் சொல்லக் கூடாது என்றா? இல்லை, என் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டு மனம் கசந்துபோனீர்களா? அவர் சொன்னது முழுக்க உண்மைதானா என்று இப்போதும் எனக்குள் ஒரு மூலையில் ஓடுகிறது. என் புத்தி அப்படி. உங்களிடம் கேட்டுத் தெளிய இனி வழி இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

உங்கள் இடத்துக்கு ஆறுமுகம் என்று ஒரு டிரைவர் வந்திருக்கிறார். போன வாரம் வண்டி ரொம்பப் பிந்தி வந்தது. டயர் பஞ்சர் என்றார். நான் நம்பவில்லை. முன்பு போல வாயை மூடிக்கொண்டு இருக்காமல், "நிசமாத்தானா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "என்னய நம்ப மாட்டியளா?" என்று கோபப்பட்டு, கழற்றிய டயரையே என் காலடியில் உருட்டிவிட்டார். ஆணி இருந்தது. தொட்டும் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சந்தேகப்படுவதை விட மாட்டேன் காக்கா. எங்கள் வேலையில் அதை விட்டால் உயிர் போய்விடும். ஆனால் இனி யார் மேல் சந்தேகம் வந்தாலும், அவர் உயிரோடு என் எதிரில் நிற்கும்போதே கேட்டுவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு பிறக்காத உங்கள் தங்கச்சி,
இசக்கியம்மாள்