பின்னால் நிற்பவன்

அன்புள்ள மணிமொழி,

உன் தம்பி கண் விழித்துவிட்டான். மாலையில் டாக்டரே வந்து சொன்னார். நடந்ததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன்.

நேற்று அரியலூர் பக்கம், பழைய சுண்ணாம்புக்கல் குழியில் பைக் பந்தயம். கேமராவுக்குள் பார்ப்பவனுக்குத் தூரம் தெரியாது. அதனால் நான் படம் எடுக்கும்போதெல்லாம் உன் தம்பி எனக்குப் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்திருப்பான். பைக் நெருங்கினால் இழுப்பான். நேற்றும் இழுத்தான். நான் பின்னால் விழுந்தேன். இழுத்த வேகத்தில் அவன் முன்னால் போய்விட்டான். பைக் அவன் காலில் ஏறியது.

விழித்ததும், "சட்ட கிழிஞ்சுபோச்சா மாமா? அக்கா திட்டுமே" என்றான். சிரித்துவைத்தேன். இன்னும் அந்தச் சட்டையோடுதான் இருக்கிறேன்.

முதல் பஸ்ஸில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. காலைக் காப்பாற்ற முடியுமா என்பதை நாளை மதியம் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

உன் கணவன்