மதகறைக் கன்னியின் சம்மதம்

நாள் 611. காலை 7:10. மதகறை.
குரல்பதிவு: செண்பகவல்லி, நீர்க்காப்புப் பொறியாளர், செவ்வாய்க் குடியிருப்பு. அணைச்சுவரில் கசிவு, நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர். சுவர் போனால் கீழே இருநூற்றுப் பதினாறு பேரும் போவார்கள். சுவருக்குள் இருக்கும் இந்த மதகு அறையில் தண்ணீரை விட்டு, உறையவைத்து அடைக்கப்போகிறோம். அதற்குமுன் கதவுத் தகட்டுக்கு ஆறு போல்ட், ஒருமுறை முறுக்கினால் கழற்ற முடியாதவை. உள்ளேயிருந்துதான் போட முடியும். போட்டதும் காற்றுக்குழாய் வழியாக நான் வெளியே.

சாப்பாட்டுப் பெட்டியில் சர்க்கரைப் பொங்கல். கூடவே ஒரு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல். இங்கே கண்ணாடிக்கே தடை! தலைவர் ஐயாத்துரை அண்ணாச்சிக்கு இன்று என்ன கிறுக்கு? போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

10:40.
ஆறு போல்ட்டும் முடிந்தது. குழாய் மூடி திறக்கவில்லை.

10:55.
இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தேன். மூடியைச் சுற்றி வெளிப்பக்கம் வெல்டிங். அதன்மேல் செந்தூசி படிந்திருக்கிறது. இன்று வைத்ததல்ல. ஒரு வாரமாவது இருக்கும்.

11:20.
ஐயாத்துரை அண்ணாச்சி, வானொலியில்: "தாயி, பதறாத. அந்தக் குழாய முன்கூட்டியே அடைச்சு இறுகவிடாம ஐஸு நிக்காதுன்னு கணக்கு சொல்லிருச்சு. மொதல்லயே சொல்லிருந்தா நீ உள்ள போயிருப்பியா?"

நேற்றுவரை "ஏளா செம்பகம்" என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்குத் தாயி.

11:45.
சொந்தச் செலவில் சூனியம். முதல் வருஷம் சாப்பாட்டுக்கூடத்தில் கதை சொன்னது நான்தானே! ஏரிக்கரை நிற்கவில்லை, ஒரு கன்னியை உள்ளே வைத்துக் கட்டினார்கள், நின்றது. வளையல் போட்டுத்தான் அனுப்பினார்கள். மறுவருஷம் அவளுக்குக் கோயில், கொடைவிழா. கொன்றவர்களின் பயம்தான் அங்கே சாமியாக நிற்கிறது என்று பெரிய மேதாவிபோல விளக்கம் வேறு கொடுத்தேன்.

"அவ சம்மதிச்சாளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"கோயில் வில்லுப்பாட்டுல சம்மதிச்சா. அவகிட்ட யாரு கேட்டா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

12:30.
பொது அலைவரிசையில் பள்ளிப் பிள்ளைகள், வில்லுப்பாட்டு ஒத்திகை.

"செம்பகவல்லி சிரிச்சுக்கிட்டே நானே போறேன்னு சொன்னாளே!"

"ஆமா, சொன்னாளே!"

டீச்சர்: "வளையல் வர்ற எடத்துல இன்னும் சத்தமா."

ஒரு பிள்ளைகூட வரி மறக்கவில்லை. எத்தனை நாளாகப் பழகுகிறார்களோ!

13:05.
தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முழங்கால் வரை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனோ? ஒருவேளை சொல்லியிருப்பேன். அந்த ஒருவேளையைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

13:12.
இடுப்பு. விரல் மரத்துவிட்டது. பதிவுப்பெட்டியை மேல்கம்பியில் கட்டியாயிற்று. பனியை உடைத்து இதை எடுப்பவர்களே, கோயிலில் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். செண்பகவல்லி சிரிக்கவில்லை. போறேன் என்று சொல்லவில்லை. மூடியைத் தட்டினாள். பன்னிரண்டு வளையலும் உடையும்வரை தட்டினாள்.

13:16.
கழுத்து. வானொலியில் அண்ணாச்சி அழுகிறார். "தாயி, எங்க எல்லாரையும் நீதான் காப்பாத்தணும்."

கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் சாகவே இல்